இரண்டாவது பிள்ளைக்கு வழி விட்ட தழும்பு

தலைப்பிரசவம் கஷ்டமாகிவிட்ட வீடுகளில் இரண்டு வாக்கியங்கள் கட்டாயம் காதில் விழும். முதல் வாரத்தில், "மறுஜென்மம் எடுத்து வந்திருக்கா, நல்லா பாத்துக்கோங்க." இரண்டு மூன்று வருஷம் கழித்து, "ஒத்தப் பிள்ளையோட நிறுத்திடாதே, அடுத்தது எப்போ?" இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே பெரியவர்கள்தான். இரண்டும் அக்கறையில் வருவதுதான்.

ஆனால் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் அந்தப் பெண் தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "போன தடவை மாதிரியே ஆகுமா?"

இது ஏதோ இன்று முளைத்த பயம் இல்லை. சுமார் 300 வருஷமாக மருத்துவ உலகம் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. விடை தேடியவர்களில் சிலர் நல்லது செய்தார்கள், சிலர் கெடுதல் செய்தார்கள். எந்த இடத்தில் நல்லது நடந்தது, எந்த இடத்தில் கெடுதல் நடந்தது என்று பார்த்தால் ஓர் உண்மை தெளிவாகத் தெரிகிறது. அதைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கதை.

தாய் கணக்கில் வராத காலம்

பிந்துசாரர் பிறந்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். சந்திரகுப்த மௌரியரின் உடம்பு விஷத்துக்குப் பழக வேண்டும் என்று சாணக்கியர் அவருடைய உணவில் கொஞ்சம் கொஞ்சமாக விஷம் கலந்து வந்தாராம். அது தெரியாமல் நிறைமாதக் கர்ப்பிணியான ராணி அந்த உணவைச் சாப்பிட்டுவிட, சாணக்கியர் அவள் வயிற்றைக் கீறிக் குழந்தையை வெளியே எடுத்தார் என்று சமணக் கதைகள் சொல்கின்றன. குழந்தை பிழைத்தது, அரசனும் ஆனது. ராணி இறந்துபோனாள்.

பழைய ரோமிலும் இதே கதைதான். நிறைமாதக் கர்ப்பிணி இறந்துவிட்டால் வயிற்றிலிருந்து குழந்தையை எடுக்காமல் அடக்கம் செய்யக் கூடாது என்று அங்கே சட்டமே இருந்தது. (ஜூலியஸ் சீசர் அப்படிப் பிறந்ததால்தான் 'சிசேரியன்' என்று பெயர் வந்தது என்பார்கள். ஆனால் சீசரின் தாய் ஆரேலியா, மகன் வளர்ந்து பெரிய தளபதியான பிறகும் உயிரோடு இருந்தவர். அதனால் அந்தக் கதை நம்பும்படி இல்லை.)

கவனியுங்கள். இங்கெல்லாம் வயிற்றைக் கீறுவது குழந்தைக்காக மட்டும்தான். தாய் ஏற்கனவே இறந்திருப்பாள், இல்லையென்றால் இறக்கப் போகிறவள். எனவே 'அடுத்த பிள்ளை' என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வரிசையில் வித்தியாசமான கதை ஒன்று சுவிட்சர்லாந்திலிருந்து வருகிறது. 1500-ம் ஆண்டில் யாக்கோப் நூஃபர் என்பவர், பன்றிகளுக்குக் காயடிக்கும் தொழில் செய்தவர், பல நாள் வலியில் துடித்த தன் மனைவியின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தாராம். 13 மருத்துவச்சிகள் வந்து பார்த்தும் முடியாத பிரசவம் அது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அதோடு முடியவில்லை! அதன் பிறகு அந்தப் பெண் இரட்டைக் குழந்தைகள் உட்பட மேலும் பல பிள்ளைகளைச் சுகப்பிரசவமாகவே பெற்றாளாம்.

இந்தக் கதை எழுத்தில் வந்தது சம்பவம் நடந்து சுமார் 80 வருஷம் கழித்துத்தான். அதனால் வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கீறப்பட்ட கர்ப்பப்பை அடுத்த பிரசவ வலியைத் தாங்கியிருக்குமா என்பதே அவர்களின் சந்தேகம். உண்மையோ பொய்யோ, ஜனங்கள் எதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதை இந்தக் கதை சொல்லிவிடுகிறது. தாய் பிழைத்தால் மட்டும் போதாது, அவள் பழையபடி வாழவும் வேண்டும் என்பதே அந்த ஆசை.

இரண்டாவது முறைக்கு இருந்த வழிகள்

18, 19-ம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் பல பெண்களுக்குப் பிரசவம் கஷ்டமானதற்கு முக்கியமான காரணம் ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய். சத்துள்ள சாப்பாடு இல்லை. ஆலைப் புகையும் குறுகிய சந்துகளும் சூரிய வெளிச்சத்தை மறைத்துவிட்டன. வைட்டமின் டி கிடைக்காமல் வளர்ந்த சிறுமிகளுக்குக் கால் வளைந்தது, இடுப்பெலும்பும் நெளிந்து குறுகியது. அவள் பெரியவளாகிக் கர்ப்பமானால் குழந்தையின் தலை வெளியே வர வழி இருக்காது.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு முதல் பிரசவம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் முடிந்தது. நாள்கணக்கில் வலி, ஆயுதம் போட்டும் வராத குழந்தை. கடைசியில் தாயைக் காப்பாற்றுவதற்காகக் குழந்தையின் தலையை உடைத்து எடுப்பார்கள். அவள் பிழைத்தால் சில மாதங்களில் மறுபடி கர்ப்பம். கருத்தடை என்பது அவள் கையில் இல்லாத காலம் அது.

அவளுக்கு என்ன வழி? 1756-ல் லண்டனின் முக்கியமான பிரசவ மருத்துவர்கள் கூடி ஒரு விஷயத்தை விவாதித்தார்கள். அடுத்த கர்ப்பத்தில் ஏழு, எட்டு மாதத்திலேயே, குழந்தை சின்னதாக இருக்கும்போதே, வலியை வரவழைத்துவிடலாமா? அது பயன் தருமா? தர்மம்தானா? செய்யலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். குறைமாதக் குழந்தைகளில் பல பிழைக்கவில்லை. இருந்தாலும் முதல் பிரசவத்தில் நடந்ததை வைத்து அடுத்த பிரசவத்துக்கு முன்கூட்டியே திட்டம் போடும் பழக்கம் இங்கே வேர் விட்டது எனலாம்.

பாரிஸில் வேறு மாதிரி முயன்றார்கள். சூஷோ என்ற பெண்மணிக்கு ரிக்கெட்ஸால் இடுப்பு குறுகியிருந்தது. ஏற்கனவே நான்கு குழந்தைகளைப் பிரசவத்தில் இழந்தவர். 1777 அக்டோபர் 1 அன்று ஐந்தாவது பிரசவத்தில் சிகோ என்ற மருத்துவர் இடுப்பெலும்பின் இரண்டு பாதியும் முன்பக்கம் சேரும் இடத்தில் உள்ள குருத்தெலும்பை வெட்டினார். எலும்பு விரிந்தது, குழந்தை உயிரோடு பிறந்தது! ஊரே கொண்டாடியது. மருத்துவக் கல்விக் குழு சிகோவைப் பாராட்டிப் பதக்கம்கூட வெளியிட்டது. ஆனால் சூஷோவுக்கு மூத்திரப்பையில் காயம் ஏற்பட்டு, சிறுநீர் கசியும் தொல்லை நிலைத்துவிட்டது. பதக்கத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த அறுவையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு மறுபடி வரும்.

போர்ரோவும் சேங்கரும்

சரி, சிசேரியன் செய்திருக்கலாமே என்று தோன்றலாம். செய்து பார்த்தார்கள். 1787 முதல் 1876 வரை பாரிஸ் நகரத்தில் சிசேரியன் செய்யப்பட்ட ஒரு தாய்கூடப் பிழைக்கவில்லை என்று சொல்லப்படுகிறது. ரத்தப்போக்கு, பிறகு கிருமித்தொற்று. இதற்கு இன்று கேட்டால் நம்ப முடியாத காரணம் ஒன்றும் உண்டு. வயிற்றுத் தோலைத் தைத்தார்கள், ஆனால் கர்ப்பப்பையைத் தைக்கவில்லை! அது தானாகவே சுருங்கி ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினார்கள். உள்ளே போட்ட தையலைப் பிறகு எப்படிப் பிரிப்பது என்பதும் அவர்களுக்குப் பிரச்சினையாக இருந்தது.

1876 மே மாதம் இத்தாலியின் பாவியா நகரத்தில் ஜூலியா கவால்லினி என்ற 25 வயதுப் பெண் வந்து சேர்ந்தார். தலைப்பிரசவம். ரிக்கெட்ஸால் குறுகிய இடுப்பு. எதுவார்தோ போர்ரோ என்ற மருத்துவர் வயிற்றைக் கீறிப் பெண் குழந்தையை எடுத்தார். பிறகு ரத்தப்போக்கையும் தொற்றையும் அடியோடு தடுக்க, கர்ப்பப்பையையே வெட்டி அகற்றிவிட்டார். தாயும் மகளும் பிழைத்தார்கள். செய்தி ஐரோப்பா முழுக்கப் பரவியது. 'போர்ரோ அறுவை' பல பெண்களின் உயிரைக் காப்பாற்றியது.

விலை? அந்தப் பெண் இனிமேல் தாயாக முடியாது. முதல் பிரசவமே கடைசிப் பிரசவம். அடுத்த கர்ப்பத்தின் ஆபத்தைத் தீர்க்க அடுத்த கர்ப்பத்தையே இல்லாமல் செய்துவிட்டார்கள். கடையில் நஷ்டம் வருகிறது என்று கடையையே இழுத்து மூடுவது போல. போர்ரோவைக் குறை சொல்ல முடியாது. உயிரா, கர்ப்பப்பையா என்றால் உயிர்தான். ஆனால் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்ற கேள்வி பாக்கி இருந்தது.

ஐரோப்பாவில் மட்டும்தான் அறிவு இருந்தது என்றும் நினைக்க வேண்டாம். 1879-ல் ராபர்ட் ஃபெல்கின் என்ற ஆங்கிலேயர், இன்றைய உகாண்டாவில் உள்ள புன்யோரோ பகுதியில் ஒரு சிசேரியனை நேரில் பார்த்து எழுதி வைத்தார். உள்ளூர் வைத்தியர் தாய்க்கு வாழைப்பழ மதுவைக் கொடுத்து மயக்கினார். அதே மதுவால் தன் கையையும் அவள் வயிற்றையும் கழுவினார். ரத்தம் கசிந்த இடங்களைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொட்டு நிறுத்தினார். இரும்பு ஊசிகளைக் குத்தி நாரால் கட்டிக் காயத்தை மூடினார். தாயும் பிள்ளையும் நலம். பாரிஸ் பெண்கள் 90 வருஷமாகச் செத்துக்கொண்டிருந்த அதே அறுவை இது! ஆனால் அங்கேயும் கர்ப்பப்பையில் தையல் இல்லை.

அந்தத் தையலை ஜெர்மனியில் போட்டார்கள். 1881 செப்டம்பரில் ஃபெர்டினாண்ட் கேரர் என்ற மருத்துவர் மெக்கெஸ்ஹைம் என்ற கிராமத்தில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறிக் குழந்தையை எடுத்து, கர்ப்பப்பையைத் தைத்தார். 1882-ல் லைப்சிக் நகரில் மாக்ஸ் சேங்கர் ஒரு பெரிய ஆய்வு நூலை வெளியிட்டார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. கர்ப்பப்பையை அகற்ற வேண்டியதில்லை, வெள்ளிக் கம்பியாலும் பட்டு நூலாலும் அடுக்கடுக்காகத் தைத்தால் ஆறும் என்பது அவர் வாதம். சுத்தம் பேணும் முறைகளும் மயக்க மருந்தும் ஏற்கனவே வந்துவிட்டதால் வாதம் பலித்தது. 1888-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மர்டாக் கேமரன் இந்த முறையில் ரிக்கெட்ஸ் தாக்கிய ஒரு குள்ளமான பெண்ணுக்குச் சிசேரியன் செய்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றினார். அந்த நகரத்தில் ரிக்கெட்ஸ் அவ்வளவு அதிகம் என்பதால் அவருக்கு வேலை ஓயவே இல்லை.

இதில் ஒரு பெரிய மாற்றம் ஒளிந்திருக்கிறது. போர்ரோவின் கத்தி இன்றைய தாயை மட்டும் பார்த்தது. சேங்கரின் தையல் நாளைய தாயையும் பார்த்தது. இரண்டாவது கர்ப்பத்துக்கான தயாரிப்பு முதல் பிரசவத்தின் அறுவை மேசையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது இங்கேதான் புரிய ஆரம்பித்தது.

நெடுக்கா, குறுக்கா?

தைத்த கர்ப்பப்பை அடுத்த பிரசவ வலியைத் தாங்குமா? சேங்கர் காலத்தில் பெரும்பாலும் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகக் கீறினார்கள். பிரசவ வலியின்போது சுருங்கி அழுத்தம் கொடுப்பது அந்த மேல்பகுதிதான். பழைய தழும்பு அங்கே இருந்தால் அது பிரிந்து கர்ப்பப்பை கிழியும் ஆபத்து அதிகம். கிழிந்தால் நிமிடங்களில் தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து.

1916-ல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின், ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்ற பொருளில் ஒரு வாக்கியம் எழுதினார். அது உலகம் முழுக்கச் சட்டம் போல ஆகிவிட்டது. இன்றும் நம் வீடுகளில் பெரியவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் கிராகின் சொல்ல வந்தது வேறு! 'அவசரப்பட்டு முதல் சிசேரியனைச் செய்யாதீர்கள், அது அவளுடைய அடுத்த பிரசவங்களையும் கட்டிப்போடும்' என்று மற்ற மருத்துவர்களை எச்சரிக்கத்தான் அவர் எழுதினார். விதிவிலக்கு உண்டு என்றும் அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். சிசேரியனுக்குப் பிறகு மூன்று சுகப்பிரசவம் பார்த்த தன் நோயாளி ஒருவரையே குறிப்பிட்டிருக்கிறார். எச்சரிக்கை மறந்துபோனது, வாக்கியம் மட்டும் தங்கிவிட்டது.

நிலைமையை மாற்றியவர் அதே கிளாஸ்கோவைச் சேர்ந்த மன்றோ கெர். 1920-களில் அவர், கேரர் செய்தது போல, கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை வலியுறுத்தினார். கீழ்ப்பகுதி மெல்லியது, அதிகம் சுருங்காது, ரத்தப்போக்கு குறைவு, தழும்பும் நன்றாக ஆறும். முதலில் பலரும் ஏற்கவில்லை. 1930, 40-களில் மெல்ல மெல்லப் பரவி, இன்று உலகெங்கும் பெரும்பாலான சிசேரியன்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன. இந்தத் தழும்போடு வலி எடுத்துப் பிரசவிக்கும் பெண்களில் 100-க்கு ஒருவருக்கும் குறைவாகவே கர்ப்பப்பை கிழிகிறது. நெடுக்குத் தழும்பில் ஆபத்து பல மடங்கு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வயிற்றின் மேல்தோலில் இருக்கும் தழும்பை வைத்து உள்ளே கர்ப்பப்பையில் எப்படிக் கீறினார்கள் என்று சொல்ல முடியாது. வெளியே குறுக்காக இருந்தும் உள்ளே நெடுக்காக இருக்கலாம். அதைச் சொல்வது அறுவை செய்த மருத்துவரின் குறிப்பு மட்டுமே.

அயர்லாந்தில் நடந்த அநியாயம்

இதுவரை வந்த கதை முன்னேற்றக் கதை. இனி வருவது வேறு.

1940-களில் உலகின் பல இடங்களில் சிசேரியன் பாதுகாப்பானதாக மாறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அயர்லாந்தின் சில மருத்துவமனைகளில், பாரிஸில் சூஷோவுக்குச் செய்தார்களே, அந்த இடுப்பெலும்பை வெட்டும் அறுவை மறுபடி உயிர்பெற்றது. ஏன் தெரியுமா? அடுத்த கர்ப்பங்களுக்காக!

அயர்லாந்தில் கருத்தடைச் சாதனங்கள் விற்பதும் இறக்குமதி செய்வதும் 1935 முதல் சட்டப்படி தடை. கத்தோலிக்க நாடு, பெண்கள் பல பிள்ளைகள் பெற்றார்கள். சிசேரியனோ மூன்று நான்கு தடவைக்கு மேல் ஆபத்து என்று கருதப்பட்டது. சிசேரியன் செய்தால் அவள் பிள்ளைகள் எண்ணிக்கை குறையும், அல்லது கருத்தடை செய்ய வேண்டி வரும். இடுப்பெலும்பை ஒருமுறை விரித்துவிட்டால் அடுத்தடுத்த பிரசவங்கள் தானாக நடக்கும். டப்ளினின் தேசிய மகப்பேறு மருத்துவமனைத் தலைவர்களாக இருந்த அலெக்ஸ் ஸ்பெயின், ஆர்தர் பாரி ஆகியோர் இந்த அறுவைக்கு ஆதரவாக இருந்தார்கள்.

1940-களிலிருந்து 1980-களின் தொடக்கம் வரை சுமார் 1,500 பெண்களுக்கு இது செய்யப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். பலருக்கு அதுதான் தலைப்பிரசவம். என்ன செய்யப் போகிறோம் என்று தங்களிடம் சொல்லவே இல்லை என்று அவர்களில் பலர் பின்னாளில் சாட்சி சொன்னார்கள். சிலருக்கு வாழ்நாள் முழுக்க நடக்கும்போது வலி, இடுப்பு வலி, சிறுநீர் கசிவு. தங்களுக்கு என்ன நடந்தது என்பதையே பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு.

அந்தப் பெண்கள் வயதான காலத்தில் ஒன்று சேர்ந்து போராடினார்கள். 2014 ஜூலையில் ஐ.நா. மனித உரிமைக் குழு அயர்லாந்து அரசைக் கண்டித்தது. அதே ஆண்டு அரசு நிவாரணத் திட்டம் அறிவித்தது. ஏறத்தாழ 400 பெண்களுக்குப் பாதிப்பைப் பொறுத்து 50,000 யூரோ முதல் 1,50,000 யூரோ வரை வழங்கப்பட்டது. போதிய மருத்துவ ஆதாரம் இல்லை என்று நிராகரிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த மருத்துவர்கள் எதிர்காலக் கர்ப்பங்களைப் பற்றி நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நிறையவே நினைத்தார்கள். அந்த எதிர்காலம் யாருடையதோ, அவளிடம் மட்டும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் ஊசலாட்டம்

அமெரிக்காவில் 1970-ல் 100 பிரசவங்களில் சுமார் 5 மட்டுமே சிசேரியன். 1980-ல் அது 16-ஐத் தாண்டியது. முதல் பிரசவம் சிசேரியன் ஆனவர்கள் அடுத்ததும் சிசேரியன் செய்துகொண்டது இதற்கு ஒரு பெரிய காரணம். 1980-ல் அங்கே அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, கீழ்க் குறுக்குத் தழும்பு உள்ள பெண்கள் சுகப்பிரசவத்துக்கு முயலலாம் என்றது. 1996-ல் ஏற்கனவே சிசேரியன் ஆன பெண்களில் 28 சதவீதம் பேர் சுகப்பிரசவமானார்கள்.

பிறகு அலை திரும்பியது. 2001-ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிசேரியன் ஆன 20,095 பெண்களின் அடுத்த பிரசவத்தைப் பார்த்த ஆய்வு வெளிவந்தது. தானாக வலி வந்தவர்களில் 1,000-க்கு சுமார் 5 பேருக்குக் கர்ப்பப்பை கிழிந்திருந்தது. புரோஸ்டாகிளாண்டின் மருந்து வைத்து வலியை வரவழைத்தவர்களில் 1,000-க்கு 24 பேருக்கும் மேல். ஏற்கனவே வழக்குகளுக்குப் பயந்திருந்த மருத்துவமனைகள் பல கதவைச் சாத்தின. 2006-ல் 28 சதவீதம் என்பது 9 சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு என்பதுதான் விஷயம். ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய தழும்பில் ஆழமாக வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து கூடுகிறது. 2006-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கும் பெண்களில் முதல் சிசேரியனின்போது 3 சதவீதமாக இருக்கும் இந்த ஆபத்து, இரண்டாவதில் 11, மூன்றாவதில் 40 சதவீதமாகிறது. 2010-ல் அதே நிறுவனம் மறுபடி மாநாடு கூட்டி, இரண்டு வழிகளின் நன்மை தீமைகளையும் பெண்ணிடம் விளக்கி அவளோடு சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்றது. முயல்பவர்களில் 60 முதல் 80 சதவீதம் பேர் சுகப்பிரசவமாகிறார்கள் என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்தது.

உடம்பு ஆறினால் போதுமா?

தழும்பு வயிற்றில் மட்டும் இருப்பதில்லை. பிரசவத்தைக் கண்டு ஏற்படும் கடுமையான பயத்தை 1858-லேயே லூயி விக்டர் மார்சே என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியிருந்தார். 2000-ல் பிரிட்டனில் ஹோஃப்பர்க், பிராக்கிங்டன் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் இதற்கு 'டோக்கோஃபோபியா' என்று பெயர் வைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளை பெறுவதற்கு முன்பே வரும் பயம் ஒன்று, மோசமான பிரசவத்துக்குப் பிறகு வரும் பயம் இன்னொன்று என்று பிரித்தும் காட்டினார்கள். "எல்லாரும் பெத்துக்கலையா? உனக்கு மட்டும் என்ன?" என்று வீட்டில் அடக்கப்படும் விஷயம் மருத்துவ இதழில் ஏறுவதற்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

இடைவெளி பற்றியும் இப்போது தெளிவு இருக்கிறது. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கர்ப்பத்துக்கு முன் குறைந்தது 24 மாதம் காத்திருக்க வேண்டும் என்று 2005-ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு பரிந்துரைத்தது. சிசேரியன் ஆனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இரண்டு பிரசவங்களுக்கு நடுவே ஒன்றரை வருஷத்துக்கும் குறைவான இடைவெளி இருந்தால், வலி எடுக்கும்போது தழும்பு கிழியும் ஆபத்து கூடுகிறது.

நம் ஊர்க் கணக்கு

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று ஒதுக்க முடியாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 100 பிரசவங்களில் 21.5 சிசேரியன். தமிழ்நாட்டில் 44.9! அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் இது 34.1 ஆக இருந்தது. அதாவது தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான தாய்மார்கள் தழும்போடு வீடு திரும்புகிறார்கள். அவர்களில் பலருக்கு இரண்டாவது பிள்ளை என்றதும் சாந்தி முகூர்த்தம் போலச் சிசேரியனுக்கும் நல்ல நாள், நல்ல நட்சத்திரம் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கூடவே குடும்பக் கட்டுப்பாடும் முடிந்துவிடுகிறது. அவளுக்கு வேறு வழி இருந்ததா என்ற பேச்சே பல வீடுகளில் எழுவதில்லை.

இரண்டாவது சிசேரியன் தவறு என்பது இதன் பொருள் அல்ல. பலருக்கு அதுதான் சரியான வழி. முதல் சிசேரியன் எதற்காகச் செய்தார்கள், உள்ளே எப்படிக் கீறினார்கள், எவ்வளவு இடைவெளி, அவசரம் வந்தால் உடனே அறுவை செய்யவும் ரத்தம் ஏற்றவும் அந்த மருத்துவமனையில் வசதி உண்டா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். இதை மருத்துவரோடு பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பேச்சுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு காகிதம். முதல் பிரசவத்தின் அறுவைக் குறிப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியும்! கல்யாண ஆல்பத்தைப் பத்திரப்படுத்தும் நம் வீடுகளில் எத்தனை பேர் அதைப் பத்திரப்படுத்துகிறார்கள்?

முடிவுரை

கணக்குப் பதிவியலில் ஒரு பாலபாடம் உண்டு. போன வருஷத்து முடிவு இருப்புதான் இந்த வருஷத்துத் தொடக்க இருப்பு. போன வருஷத்து ஏட்டைத் தொலைத்துவிட்டு இந்த வருஷக் கணக்கை எழுத முடியாது. பிரசவமும் அப்படித்தான். முதல் பிரசவத்தில் என்ன நடந்தது என்பது தெரியாமல் இரண்டாவதற்குத் தயாராக முடியாது.

அந்த ஏடு யாருடையது என்பதுதான் இந்த வரலாறு முழுக்க ஓடும் கேள்வி. போர்ரோவிடமிருந்து சேங்கருக்கும் சேங்கரிடமிருந்து கெருக்கும் வந்தபோது, தாய்க்கும் ஒரு நாளை உண்டு என்று மருத்துவம் ஒத்துக்கொண்டது. அது நல்லது. அயர்லாந்தில் அந்த நாளையை அவளிடம் கேட்காமலேயே மற்றவர்கள் எழுதினார்கள். அது கெடுதலில் முடிந்தது. கத்தி, தையல், மருந்து எல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். அவளுக்குச் சொன்னார்களா, அவளிடம் கேட்டார்களா என்பதுதான் நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டுகிறது.

2015-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. நடீன் மாண்ட்கோமரி என்ற தாய் சர்க்கரை நோயாளி, உருவத்தில் சிறியவர். 1999-ல் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அவருக்கு உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அப்படியே சிக்கியது, குழந்தைக்கு மூளை பாதிப்பு. ஒரு நோயாளி முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளை மருத்துவர் அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். அந்தப் பிரசவம் நடந்தது, கேமரனும் கெரும் வேலை செய்த கிளாஸ்கோவுக்குப் பக்கத்து ஊரில்.

அதனால் அடுத்த முறை வீட்டில் யாராவது "அடுத்தது எப்போ?" என்று கேட்டால், அதற்கு முன்னால் அவளிடம் கேட்க வேண்டிய வேறு ஒரு கேள்வி இருக்கிறது. "போன தடவை என்ன ஆச்சுன்னு உனக்கு யாராவது விளக்கமா சொன்னாங்களா?"